அளவு இருந்தால் வண்டி ஓடும்

(மும்பை மாஹிமில், பழைய வண்டி வைத்திருப்பவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய மினிபைக்கில் எஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் விசை போகிற வழியில் இருக்கும் பாகங்களை மாற்றுவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். செயின், ஸ்பிராக்கெட், கிளட்ச், கியர், பேரிங். பெயின்டும் குரோமும் பற்றிப் பேசக் கூட்டம் கூடும். இதைக் கேட்கவும் இத்தனை பேர் வந்திருப்பது எனக்குச் சந்தோஷம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிக்காரர்கள் பாகத்தைத் தேடி அலைகிறார்கள். முதலில் தேட வேண்டியது அளவை. பாகம் தீர்ந்துபோகும், கம்பெனி கையை விரித்துவிடும், ஸ்பேர் கடைக்காரரின் மகன் அதே இடத்தில் மொபைல் கடை வைத்துவிடுவார். அளவு கையில் இருந்தால் அந்தப் பாகத்தை மறுபடியும் செய்துகொள்ளலாம். இல்லையென்றால், வேறெந்த வண்டியில் அதே அளவு ஓடிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். இன்றைக்கு நான் பேசப்போவதெல்லாம் இதன் விரிவுதான்.

மினிபைக் என்ற சாதியே ஒரு விசித்திரமான சாதி. இரண்டாம் உலகப் போரில், 1942 வாக்கில், ஆங்கிலேயர்கள் பாராசூட் படைக்காக வெல்பைக் என்று ஒன்று செய்தார்கள். 98 சிசி வில்லியர்ஸ் எஞ்சின். மடித்து உருளைப் பெட்டிக்குள் அடைத்து விமானத்திலிருந்து போடுவார்கள். ஹோண்டாவின் மங்கி பிறந்தது பொழுதுபோக்குப் பூங்காவில். 1961-இல் டோக்கியோவின் டாமா டெக் பூங்காவில் பிள்ளைகள் ஓட்டி விளையாட, 5 அங்குலச் சக்கரம் போட்டு உருவாக்கிய வண்டி அது. அமெரிக்காவில் புல் வெட்டும் மிஷின் எஞ்சினைக் குழாய்ச் சட்டத்தில் பூட்டி வீட்டுக் கொல்லையிலேயே செய்தார்கள். ஒன்று போருக்கு, ஒன்று விளையாட்டுக்கு, ஒன்று பொழுதுபோக்குக்கு. மூன்றிலும் ஒரே சூத்திரம்: வேறெதற்கோ செய்த எஞ்சினை எடு, சின்னச் சக்கரம் போடு, நடுவில் செயினை ஓட்டு.

நம் ஊர் மினிபைக்கும் இந்தச் சூத்திரத்தில் பிறந்ததுதான். ராஜ்தூத் ஜிடிஎஸ் 175 என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘பாபி’ வண்டி என்றால் எல்லோருக்கும் தெரியும். ‘பாபி’ 1973-இல் ராஜ் கபூர் எடுத்த படம். ரிஷி கபூரும் டிம்பிளும் அந்தக் குட்டை வண்டியில் ஏறி ஓடினார்கள். வண்டிக்குப் படத்தின் பெயரே நிலைத்துவிட்டது. 1948-இல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டுடியோ இருந்தது இதோ, செம்பூரில். 2017 செப்டம்பரில் அங்கே தீப்பிடித்தது. 2019-இல் அந்த இடத்தை கோத்ரெஜ் பிராப்பர்டீஸ் வாங்கியது. ஸ்டுடியோ போய்விட்டது, அந்த வண்டிகளில் சில இன்னும் ஓடுகின்றன. பழைய பொருளை எது காப்பாற்றுகிறது என்று யோசிக்க நம் பக்கத்துப் பேட்டையிலேயே உதாரணம் இருக்கிறது.

ஃபரீதாபாதில் இருந்த எஸ்கார்ட்ஸ் கம்பெனி, போலந்தின் கெல்ட்ஸ் ஊரில் தயாரான எஸ்எச்எல் எம்11 என்ற வண்டிக்கு 1960-களின் தொடக்கத்தில் உரிமம் வாங்கி, ராஜ்தூத் என்று பெயர் வைத்து விற்றது. ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 173 சிசி, மூன்று கியர். வட இந்தியக் கிராமங்களில் பால்காரர்கள் இரண்டு பக்கமும் கேன் கட்டி ஓட்டிய வண்டி அதுதான். அந்தப் பால்கார எஞ்சினை எடுத்துச் சின்னச் சக்கரமுள்ள குட்டைச் சட்டத்தில் உட்காரவைத்தார்கள், ஜிடிஎஸ் வந்தது.

தமிழ்நாட்டிலும் இந்த வகைக்கு உறவுக்காரர்கள் உண்டு. திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனி மினி புல்லட் என்று 200 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி விட்டது. சில்வர் பிளஸ் என்று 50 சிசி வண்டியும் விட்டது. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. அதற்கு முன்பே, 1972-இல், புனேக்காரர்களின் கைனடிக் லூனா வந்துவிட்டது. டிவிஎஸ் 50-இல் கிளட்ச் பிடிக்க லீவர் கிடையாது. எஞ்சின் வேகம் கூடும்போது உள்ளே இருக்கும் ஷூக்கள் தாமாக விரிந்து டிரம்மைக் கவ்வும், வண்டி கிளம்பும். அது வேறு ஏற்பாடு. பாபி வண்டியில் முறையான பல பிளேட் கிளட்ச், முறையான கியர் பாக்ஸ். அதைத்தான் இன்று திறக்கப்போகிறோம்.

பாபி வண்டி வைத்திருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இது: எஞ்சின் பெட்டிக்குள் இருப்பது அண்ணன் ராஜ்தூத்தோடு பொது, பெட்டிக்கு வெளியே இருப்பது இந்த வண்டியின் தனிச்சொத்து. அண்ணன் ஏராளமாக விற்ற வண்டி. அதனால் கிளட்ச் பிளேட், கியர், கிக்கர் ஸ்பிரிங் போன்றவை இன்றும் எங்காவது அகப்படும். டெல்லி கரோல் பாக், சென்னை புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, நம் குர்லா சிஎஸ்டி ரோடு, சோர் பஜார் என்று தேடினால் கிடைத்துவிடும். பின் ஸ்பிராக்கெட், ஹப், ஸ்விங் ஆர்ம் அப்படிக் கிடைக்காது. ஆகவே உள்ளே உள்ளதற்குத் தேடுங்கள். வெளியே உள்ளதற்கு அளந்து செய்யுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். கிராங்க் சுற்றுகிறது. அது கிளட்சைச் சுற்றுகிறது. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் இதற்கும் உள்ளே ஒரு குட்டிச் செயின் உண்டு. கிளட்ச் கியர் பாக்ஸைச் சுற்றுகிறது. கியர் பாக்ஸின் வெளித்தண்டில் முன் ஸ்பிராக்கெட், அங்கிருந்து வெளிச் செயின், பின் ஸ்பிராக்கெட், சக்கரம். வண்டி இழுக்கவில்லை என்று வருகிறவர் எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று கேட்பார். எதையும் மாற்றாதீர்கள். பின்சக்கரத்தில் தொடங்கி முன்னோக்கி ஒவ்வொன்றாக அளந்துகொண்டு வாருங்கள். வெளியே இருப்பது மலிவு, உள்ளே போகப்போகச் செலவு. குற்றம் வெளியே இருக்கும்போது எஞ்சினைப் பிரித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

செயினை எடுத்துக்கொள்வோம். செயின் எண்ணில் முதல் இலக்கம், ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரத்தை எட்டில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் சொல்லும். 4 என்றால் 4/8, அதாவது அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். 5 என்றால் 5/8 அங்குலம். பின்னால் வரும் இரண்டு இலக்கம் அகலத்தைக் குறிக்கும். 420 செயினில் உள் அகலம் 1/4 அங்குலம், 428-இல் 5/16 அங்குலம். இரண்டுக்கும் பின் தூரம் ஒன்றுதான். இங்கேதான் ஏமாற்றம் நடக்கிறது. 420-க்கு வெட்டிய பல்லின் மேல் 428 செயின் ஏறிவிடும். ஏறிவிட்டு இரண்டு பக்கமும் ஆடும், பல்லைப் பக்கவாட்டில் தின்னும். மாற்றிப் போட்டால் உட்காரவே உட்காராது. உங்கள் வண்டியில் என்ன செயின் என்று என்னைக் கேட்காதீர்கள். ஐம்பது வருடத்தில் எத்தனை கை மாறியதோ, யார் எதை மாட்டினார்களோ. வெர்னியரை எடுத்து அளந்து பாருங்கள்.

செயின் நீண்டுபோச்சு என்கிறோம். இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. அந்தத் தேய்மானம் கண்ணிக்குக் கண்ணி கூடிக் கூடி நீளமாகத் தெரிகிறது. அரை அங்குலச் செயினில் இருபது கண்ணி, புதிதாக இருக்கும்போது 254 மில்லிமீட்டர். செயினை இறுக இழுத்துப் பிடித்து அளந்தால் 259-ஐத் தொட்டுவிட்டதா? இரண்டு சதவீதம் போய்விட்டது. அந்தச் செயினை பங்காரில், அதாவது பழைய இரும்புக் கடையில், போட்டுவிடலாம். ஒரே இடத்தில் அளந்தால் போதாது. நாலு இடத்தில் அளக்க வேண்டும், செயின் ஒரே சீராகத் தேய்வதில்லை.

தேய்ந்த செயின் தான் கெடுவதோடு நிற்காது. பின் தூரம் கூடியதும் அது பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காருகிறது, பல்லை ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைத்துவிடுகிறது. அந்தக் கொக்கிப் பல்லில் புதுச் செயினை மாட்டினால் புதுச் செயினுக்கும் சீக்கிரமே அதே கதிதான். அதனால் செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். செயின் மட்டும் போதும் என்று மிச்சம் பிடிப்பவர் அடுத்த மழைக்கே மறுபடியும் வந்து நிற்பார்.

மினிபைக்குக்கு இதில் கூடுதல் சோதனை ஒன்று உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 அங்குல ரிம்மில் 3.00 டயர் போட்டால் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் போகும். 10 அங்குல ரிம்மில் 3.50 டயர் போட்டால் 1.36 மீட்டர்தான் போகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் பெரிய சக்கரம் நிமிடத்துக்கு 350 சுற்று, சின்னச் சக்கரம் 490 சுற்று. அதே தூரத்துக்கு ஸ்பிராக்கெட் அதிகம் சுற்றுகிறது; வண்டி குட்டை என்பதால் செயினில் கண்ணியும் குறைவு. ஒவ்வொரு கண்ணிக்கும் பல்லில் ஏறி இறங்கும் வேலை அதிகம். போதாக்குறைக்குச் செயின் தரைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. சயான் பக்கத்துச் சேறு, மாஹிம் காஸ்வே பக்கத்து உப்புக்காற்று எல்லாம் அதற்குத்தான் முதலில். அண்ணன் வண்டிக்குச் சொன்ன கெடுவை இந்த வண்டிக்குப் பொருத்தக் கூடாது.

பல் கணக்கும் இதே காரணத்தால் மாறும். முன்னே 14 பல், பின்னே 42 பல் என்று வைத்துக்கொள்வோம். தண்டு மூன்று சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. முன்னே 15 போட்டால் 2.8. ஒரே ஒரு பல், ஏழு சதவீத மாற்றம். எஞ்சின் கத்துவது குறையும், ஃபிளைஓவர் ஏறும்போது இழுவையும் குறையும். இரண்டு பேர் உட்கார்ந்து போகிறவருக்கு 14, தனியாகப் போகிறவருக்கு 15 என்று முடிவு செய்துகொள்ளலாம். ஒரு பல் கூட்டினால் செயின் கவரில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிக்கரை உதைக்க வேண்டும். இன்னொரு நுணுக்கம்: செயினில் கண்ணிகள் பெரும்பாலும் இரட்டைப்படையில் இருக்கும். முன் பல் ஒற்றைப்படையாக இருந்தால் அதே பல் அதே கண்ணியை அடிக்கடி சந்திக்காது, தேய்மானம் பரவலாகும். அந்த வகையில் 15-க்கு ஒரு நன்மை கூடுதல்.

சரி, 42 பல் ஸ்பிராக்கெட் கடையில் இல்லை. என்ன செய்வது? தாராவி பக்கம் சந்துகளில் லேத் போட்டிருப்பவர்களிடம் போகிறோம். திருநெல்வேலிக்காரர் ஒருவர் பட்டறையில் நடக்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“அண்ணாச்சி, பாபி வண்டிக்குப் பின் ஸ்பிராக்கெட் வேணும்.”

“பழச கொண்டாந்தியளா?”

“பல்லெல்லாம் தேஞ்சுபோச்சே, அத வச்சு என்ன பண்ண?”

“பல்லு எனக்கெதுக்கு? நடு ஓட்டையும் போல்ட் ஓட்டையும் நல்லா இருக்குல்லா? அது போதும். பல்லுக்குக் கணக்கு இருக்கு.”

அவர் சொன்னதுதான் விஷயம். பல்லுக்குக் கணக்கு இருக்கிறது. செயின் பின்களின் நடு போகிற வட்டத்தின் விட்டம் வேண்டுமென்றால், பின் தூரத்தை, 180-ஐப் பல் எண்ணிக்கையால் வகுத்து வரும் கோணத்தின் சைனால் வகுக்க வேண்டும். 42 பல்லுக்கு 12.7 மில்லிமீட்டர் செயினில் அது 169.9 மில்லிமீட்டர். 14 பல்லுக்கு 57.1. உலகத்தில் எந்த ஊர் லேத்திலும் இதே எண்தான் வரும். கணக்கில் வராதவை நடு ஓட்டையும் போல்ட் வட்டமும்தான். அவை இந்த வண்டியின் சொந்த அளவுகள், போலந்தும் ஃபரீதாபாதும் முடிவு செய்தவை. பழைய பாகத்தை எறியக் கூடாது என்று தலையில் அடித்துச் சொல்வது இதனால்தான். தேய்ந்த ஸ்பிராக்கெட்டை பங்காருக்குப் போட்டால் கிடைப்பது எடைக் காசு. அதோடு போகிற போல்ட் வட்டத்தின் அளவை எங்கே போய் வாங்குவீர்கள்?

செய்யும் முறை இரண்டு. ஒன்று, இஎன்8 எஃகுத் தகட்டை எடுத்து முழுதாகக் கடைந்து, மில்லிங் மிஷினில் பாகம் பிரித்துப் பல் வெட்டி, பிறகு பல்லைச் சூடேற்றிக் கடினப்படுத்துவது. செலவு கூடும், வேலை பார்க்க அழகாக இருக்கும். இன்னொன்று, இன்று ஓடுகிற ஏதாவது வண்டிக்கு அதே செயினில் அதே பல் எண்ணிக்கையில் வரும் ஸ்பிராக்கெட்டை வாங்கி, அதன் நடுவை மட்டும் நம் ஹப்புக்கு ஏற்றபடி கடைந்து, புது போல்ட் ஓட்டை போடுவது. நடு ஓட்டை நம்முடையதைவிடப் பெரிதாக இருந்தால் உள்ளே வளையம் கடைந்து பொருத்த வேண்டும். பல்லை வெல்டிங் வைத்து உயர்த்தித் தேய்க்கிற மூன்றாம் முறையும் புழக்கத்தில் உண்டு. அதைச் செய்ய வேண்டாம். அந்தப் பல் எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. உடைந்த துண்டு செயினில் சிக்கிப் பின்சக்கரத்தைப் பூட்டிவிட்டால், பின்னால் பெஸ்ட் பஸ் வந்துகொண்டிருக்கும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. முன் ஸ்பிராக்கெட் நட்டைக் கழற்றும்போது செயின் மாட்டியபடியே இருக்கட்டும். ஒருவர் பின் பிரேக்கை மிதிக்க, மற்றவர் கழற்றலாம். எந்தப் பக்க மறை என்று பார்த்துவிட்டு ஸ்பேனரில் பலம் கொடுங்கள். பூட்டு வாஷரைப் புதிதாகப் போட்டு, அதன் காதை மடித்துவிட வேண்டும். முன்னும் பின்னும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை நம்பாதீர்கள். ஐம்பது வருடத்து வண்டியில் ஸ்விங் ஆர்மே கோணலாக இருக்கலாம். பின் ஸ்பிராக்கெட்டின் முகத்தில் நூலை ஒட்டிப் பிடித்து முன் ஸ்பிராக்கெட் வரை இழுங்கள். நூல் பொய் சொல்லாது. செயின் லாக் கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் ஏதாவது தட்டிக் கிளிப் கழன்றுவிடும். தொய்வு கீழ்ச் செயினின் நடுவில் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் இருக்கட்டும். ஆள் உட்கார்ந்து ஸ்விங் ஆர்ம் நேராகிறபோது செயின் இன்னும் இறுகும். ஸ்டாண்டில் நிறுத்தி இறுக்கமாக வைத்தால், ஆள் ஏறியதும் கியர் பாக்ஸ் தண்டின் பேரிங்கைத்தான் அது இழுக்கும்.

இப்போது உள்ளே. கிளட்ச் வழுக்குகிறது என்றால் பிளேட்டை மாற்றிவிட்டு மூடிவிடுகிறார்கள். பிளேட்டின் காதுகள் உட்காரும் ஹவுசிங் பள்ளத்தைப் பாருங்கள். வருடக்கணக்கில் இடித்து இடித்து அங்கே படிக்கட்டு விழுந்திருக்கும். காது அதில் மாட்டிக்கொள்ளும். கிளட்ச் பிடித்தாலும் விடாது, கியர் போட்டதும் வண்டி துள்ளும். கொஞ்சமாக இருந்தால் அரத்தால் சமப்படுத்தலாம். ஆழமாக இருந்தால் ஹவுசிங்கை மாற்ற வேண்டும். ஸ்பிரிங்குகளை மேஜையில் வரிசையாக நிறுத்துங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் முழுத் தொகுதியையும் மாற்றுங்கள். இல்லையென்றால் பிளேட் சாய்ந்து திறக்கும். பழைய கார்க் பிளேட்டோ புது ஃபைபர் பிளேட்டோ, எதுவானாலும் ஓர் இரவு எண்ணெயில் ஊறிய பிறகே மாட்ட வேண்டும்.

கிளட்ச் பக்கம் திறந்தாயிற்று என்றால் கிராங்க் ஆயில் சீலை மாற்றாமல் மூடாதீர்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் அறை காற்றை உறிஞ்சி உறிஞ்சி வேலை செய்கிறது. கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும்: சைலன்சரில் வெள்ளைப் புகை, கியர் பாக்ஸில் எண்ணெய் குறைவு. மேக்னட் பக்கச் சீல் போனால் காற்றை உறிஞ்சும். பெட்ரோலும் அதில் கலந்த 2டி ஆயிலும் போதாமல் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரைக் குறை சொல்லிக் குறை சொல்லி மாதங்களை ஓட்டுகிறவர்கள் பலருக்கு, குற்றம் இந்த ரப்பர் வளையத்தில்தான் இருக்கும்.

இரண்டாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறதா? கியரின் பக்கவாட்டில் இருக்கும் நாய்ப்பற்களின் ஓரம் மழுங்கியிருக்கும், அல்லது அதைத் தள்ளுகிற ஃபோர்க் வளைந்திருக்கும். பல் போன கியரை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் சத்தம் வரும், பல்லும் சேர்ந்து கெடும். தண்டின் இரு முனைகளிலும் இருக்கிற மெல்லிய சிம் வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே கம்பியில் கோத்து வையுங்கள். பொடிப்பொடியாக இருக்கிறதே என்று ஒன்றை விட்டுவிட்டால் தண்டு முன்னும் பின்னும் ஆடும், கியர் பழையபடி கழலும்.

நம் ஊருக்கென்று ஒரு சங்கதி. 2005 ஜூலை 26-ஐ இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மிட்டி நதி கடலில் சேருகிற இடத்தில் நாம் வாழ்கிறோம்; ஒவ்வொரு மழைக்கும் ஏதாவது தெருவில் சீட்டு வரை தண்ணீர் நிற்கும். மூழ்கிய வண்டியின் கியர் பாக்ஸ் எண்ணெய், பால் கூடிய கட்டிங் சாய் நிறத்தில் வரும். மூச்சுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பேரிங்கில் துரு ஏறும். வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும். நிறம் தெளிகிற வரை.

பேரிங் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் சந்தோஷம். பழைய வண்டிக்காரனுக்கு அதுதான் நிஜமான வரம். பேரிங்கின் மேல் 6204 என்று இருந்தால் உள் விட்டம் 20, வெளி விட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். 6203 என்றால் 17, 40, 12. வார்சாவில் வாங்கினாலும் வேலூரில் வாங்கினாலும் இதே அளவுதான். 04 தொடங்கி மேலே போகிற எண்களில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம் கிடைத்துவிடும். சீலிலும் 25, 40, 7 என்று அளவு அச்சாகியிருக்கும். பேரிங் கடையில் போய் ‘பாபி வண்டிக்கு’ என்று கேட்டால் இல்லை என்பார். எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார். போலந்துக்காரன் தன் வண்டிக்கு உலகப் பொது அளவில் பேரிங் போட்டான். அந்த ஒரு முடிவினால் எத்தனை வண்டி இன்றும் சுற்றுகிறது! பொது அளவு போட்ட இடமெல்லாம் வண்டி பிழைத்துக்கொள்கிறது. தனி அளவு போட்ட இடத்தில் நாம்தான் பிழைக்க வைக்க வேண்டும்.

பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் அது பழைய வண்டிதானா என்று ஒருவர் கேட்பார். சட்டம் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருடம் தாண்டி, மூல வடிவத்தில் பராமரிக்கப்பட்ட, சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யாத வண்டி விண்டேஜ் வண்டி. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்து வரும். பத்து வருடம் செல்லும். அன்றாட ஓட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் அந்த வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது. பாபி வெளியாகி 50 வருடம் 2023-இல் முடிந்துவிட்டது; அந்தக் காலத்து வண்டிகள் இப்போது ஒவ்வொன்றாக இந்த வரம்பைத் தொடுகின்றன. செயினும் பேரிங்கும் கிளட்ச் பிளேட்டும் தேய்வதற்கென்றே செய்தவை. அவற்றை மாற்றுவதில் வண்டியின் பிறவி கெடாது. எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கிரைண்டர் தொடக் கூடாது. பெயின்ட் அடிப்பவர் அழகுக்காகப் புட்டி பூசி மறைத்தாலும் பிறகு நீங்கள்தான் ஆர்டிஓ வாசலில் நிற்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இத்தனை நேரம் நான் சொன்ன வேலைகளில் பாதி, இந்த மேடையிலிருந்து நடக்கிற தூரத்தில் நடக்கிறது. மாஹிம் ஸ்டேஷனிலிருந்து கிழக்கே இறங்கினால் தாராவி. லேத், பித்தளை வார்ப்பு, ஸ்பிரிங் சுற்றுவது, கேபிள் நிப்பிள் பற்றவைப்பது எல்லாம் ஒரு சந்துக்குள் முடிந்துவிடும். அந்தச் சந்துதான் நம் வண்டிகளின் ஸ்பேர் கம்பெனி. தாராவியின் மறுமேம்பாட்டுக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. வீடு வீடாக அளக்கும் வேலை 2024-இல் தொடங்கியது. நல்ல வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவனுக்கு அதைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் தோல் பதனிடும் தொழில் இங்கிருந்து எப்படி வெளியேறியது என்று நெல்லைப் பெரியவர்களுக்குத் தெரியும். பாந்திராவின் இறைச்சிக் கூடம் 1971-இல் தேவ்னாருக்குப் போனது. பிறகு பதனிடும் தொட்டிகளும் ஒவ்வொன்றாகப் போயின. இன்று தாராவியில் தோல் பை விற்கும் கடை நிறைய இருக்கிறது, பச்சைத் தோலைப் பதப்படுத்தத் தெரிந்த கை குறைந்துவிட்டது. லேத் பட்டறைக்கும் அதுவே நடக்கலாம். ஆறாம் மாடி வீட்டில் லேத் போட முடியாது. தரைத்தளம், மூன்று ஃபேஸ் கரன்ட், இரும்பு இறக்க ஒரு வாசல் என்று அதற்குக் குறைந்தபட்சத் தேவைகள் உண்டு. சுவரை அளப்பவர்கள் அந்தத் தேவைகளையும் அளந்து எழுத வேண்டும் என்று கேட்பது பட்டறைக்காரர்களின் பாடு மட்டும் இல்லை. அவர்கள் கையால் ஓடுகிற வண்டியை வைத்திருக்கும் நம் பாடும்தான். குடியிருப்போர் கூட்டங்களில் நாமும் போய் உட்கார வேண்டும்.

அதுவரை நம் கையில் இருக்கும் வேலையைச் செய்வோம். பாபி வண்டி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் போடுங்கள். பின் ஸ்பிராக்கெட்டின் நடு ஓட்டை, போல்ட் வட்டம், தடிமன், பல் எண்ணிக்கை. செயின் எண், கண்ணி எண்ணிக்கை. பேரிங் எண்கள், சீல் அளவுகள். கிளட்ச் ஸ்பிரிங்கின் நீளம், கம்பித் தடிமன். வெர்னியர் வைத்து அளந்து, படம் வரைந்து, தமிழில் எழுதுங்கள். ஒருவருடைய அளவை இன்னொருவருடையதோடு ஒத்துப் பாருங்கள். மாறினால் யாரோ நடுவில் கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பத்து நோட்டு ஒத்துப்போனால் அதுதான் இந்த வண்டிக்கு மெய்யான ஸ்பேர் பட்டியல். எந்தக் கம்பெனியும் நமக்கு அதைத் தரப்போவதில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது தேய்ந்த ஸ்பிராக்கெட்டுகளையும் எடுத்து வாருங்கள், நான் வெர்னியர் கொண்டுவருகிறேன், இங்கேயே அளந்து எழுதிவிடலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வண்டியை வெளியே நிறுத்தியிருப்பவர்கள் சாவியோடு வாருங்கள்.